வாக்களித்த மண் – 11: மாண்டேகு எழுதிய குறிப்பு

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் பிரகடனத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். லண்டன் அரசுக்குள்ளேயே அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு யூதர். அவரை நாம் பள்ளிப் பாடத்திலேயே அறிவோம்: மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் எட்வின் மாண்டேகு.

இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று 1917 ஆகஸ்ட் 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார் மாண்டேகு. அடுத்த மூன்றாம் நாள் தேதியிட்டு, சக அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 'இன்றைய அரசின் யூத வெறுப்பு' என்பது அதன் தலைப்பு. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தேசிய இல்லம் அமைக்க உதவினால் அது யூத வெறுப்பில்தான் போய் முடியும் என்பது அவர் வாதம். யூதர்கள் ஒரு மதத்தவர், தனித் தேசம் அல்லர். பாலஸ்தீனம்தான் உங்கள் நாடு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களைக் கைகழுவப் பார்க்கும். பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்பவர்களோ சொந்த ஊரிலேயே அந்நியராவார்கள் என்றார்.

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்களைத் தடுக்க 1905-இல் பிரிட்டன் அயலார் சட்டம் கொண்டுவந்தபோது பிரதமராக இருந்தவர் இதே பால்ஃபர்தான். மாண்டேகுவின் நெருங்கிய உறவினர் ஹெர்பர்ட் சாமுவேலோ, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் கோரிய சியோனிசத்தை மனமார ஆதரித்தார். 1920-இல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராகவும் போனார். ஒரே குடும்பத்துக்குள் இருந்த இந்தப் பிளவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருவருமே யூதர்களின் நலனை நினைத்துத்தான் பேசினார்கள்.

பிரகடனத்துக்குப் போர்க்கால அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மாண்டேகு இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். பிற நாடுகளில் யூதர்களுக்குள்ள உரிமைகள் பாதிக்கப்படாது என்ற வாசகம் அதில் இடம்பெற்றதற்கு அவரைப் போன்றோரின் எதிர்ப்பும் ஒரு காரணம். மூன்றாண்டுகள் கழித்து, ஜாலியன்வாலா பாக் படுகொலை நடத்திய டயரைக் கண்டித்துப் பேசிய மாண்டேகுவை, யூத வெறுப்பு வெளிப்படக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள் சில நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

சியோனிச எதிர்ப்பும் யூத வெறுப்பும் ஒன்றே என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023 டிசம்பரில் 311 வாக்குகளோடு தீர்மானம் போட்டது. அந்த அளவுகோலை வைத்தால் மாண்டேகுவும் யூத வெறுப்பாளர்தான். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1948-இல் வீடு வாசலை இழந்த ஏழு லட்சம் பாலஸ்தீனர்களும் அவர்களின் பிள்ளைகளும் சியோனிசத்தை எதிர்ப்பது, அது தங்களுக்கு என்ன செய்தது என்பதால். அதற்கு வெறுப்பு என்று பெயர் சூட்டினால் அவர்களின் இழப்பைப் பேசவே வழியில்லாமல் போகும்.

மறுதரப்பின் வாதத்திலும் கனம் உண்டு. மாண்டேகு எதிர்த்தது காகிதத்தில் இருந்த ஒரு திட்டத்தை. நடுவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றைய திட்டம் இன்று ஒரு நாடு; உலக யூதர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கே வாழ்கிறார்கள். அந்த நாடே இருக்கக் கூடாது என்று கேட்கும்போது அவர்களுக்கு நடுக்கம் வருவதை நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதோடு, போலந்தில் நடந்தது நினைவில் இருக்க வேண்டும். 1967 அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் கொமூல்கா, ஐந்தாம் படை உருவாவதை அனுமதிக்க மாட்டோம் என்று பேசினார். அடுத்த மார்ச்சில் மாணவர் போராட்டம் வெடித்தது. பழி 'சியோனிஸ்டுகள்' மீது விழுந்தது. பேராசிரியர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் பலர் சியோனிசத்தை ஒருநாளும் ஆதரித்தவர்கள் அல்லர். கட்சிக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். யூதராகப் பிறந்திருந்ததே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 13,000 பேர் வெளியேறினார்கள். குடியுரிமையைத் துறந்தால்தான் போக முடியும். கையில் தரப்பட்ட பயணத் தாளில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்லர் என்று எழுதியிருந்தது. மாண்டேகு அஞ்சியது இதைத்தான். ஆனால் செய்தவர்கள் தங்களைச் சியோனிச எதிர்ப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம்: 1975-இல் ஐ.நா. நிறைவேற்றி, 1991-இல் ரத்து செய்த தீர்மானம்.