பெயர் வழி தவறினால்... இணையப் பெயர் வழங்கிகளும் நம் சங்கங்களும்

ஊர் விட்டு ஊர் போய்க் குடியேறும் தமிழன் முதலில் வீடு பார்ப்பான், அடுத்து சங்கம் அமைப்பான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது: சங்கத்துக்கு ஓர் இணையதளம். பழைய ஆண்டு மலர்கள், விழாப் படங்கள், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு விவரம் எல்லாம் அதில்தான். ஒருநாள் அந்தப் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை என்றால் எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதறிப்போகிறோம். பல சமயம் பக்கங்கள் பத்திரமாகவே இருக்கும். பெயருக்கும் பக்கத்துக்கும் நடுவே உள்ள வழிதான் அறுந்திருக்கும். அந்த வழியைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

கடிதம் வந்து சேரும் விதம்

நான் குடியிருப்பது திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அருகில். மதுரையிலிருந்து எனக்கு வரும் கடிதத்தில் கடைசி வரி 695023. 695 என்றால் திருவனந்தபுரம். மீதி மூன்று எண்கள் கோட்டைத் தபால் நிலையத்தைக் காட்டும். அங்கிருந்து தபால்காரர் டி.சி. நம்பரைப் பார்ப்பார்: சாய்கோட்டுக்கு முன்னால் வார்டு, பின்னால் வீடு. மதுரைத் தபால் நிலையத்துக்கு என் வீடு எது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒவ்வொரு நிலையும் அடுத்த நிலையை அறிந்திருந்தால் போதும்.

டி.என்.எஸ். என்னும் இணையப் பெயர் முறையும் இப்படித்தான். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. நமக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். 'நம்மசங்கம்.இன்' என்று உதாரணத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். உறையைக் கீழிருந்து படிப்பதுபோல இதை வலமிருந்து படிக்க வேண்டும். முதலில் கேட்பது 'ரூட்' எனப்படும் வேர் வழங்கிகளை. ஏ முதல் எம் வரை இவற்றுக்கு 13 பெயர்கள். பிரதிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் உள்ளன. 'இன்' யாரிடம் என்று அவை சொல்லும். அந்தப் பதிவேட்டை 2005 முதல் நிக்ஸி என்ற இந்திய அமைப்பு கவனிக்கிறது. அது நம் சங்கத்தின் நேம் சர்வர் எது என்று காட்டும். அந்த நேம் சர்வர்தான் கடைசியாக எண்ணைக் கொடுக்கும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலாக, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தன. பட்டியல் பெருத்துச் சமாளிக்க முடியாமல் போகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்தப் படிநிலை முறையை வகுத்தார். 1987-ல் திருத்தி வெளியிட்ட விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை.

ஸோன் ஃபைல் என்னும் பேரேடு

நேம் சர்வரிடம் இருக்கும் பேரேடுதான் ஸோன் ஃபைல். வெறும் எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். அதில் 'ஏ' பதிவு பெயருக்குரிய எண்ணைச் சொல்லும். 'என்.எஸ்.' பதிவு இந்தப் பேரேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் எவை என்று சொல்லும். 'எம்.எக்ஸ்.' பதிவு மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லும். 'சிநேம்' என்பது மாற்றுப்பெயர். 1991-ல் டிரிவாண்ட்ரம் அதிகாரபூர்வமாகத் திருவனந்தபுரம் ஆனது. இன்றும் பழைய பெயரை எழுதினாலும் கடிதம் வந்துவிடுகிறது அல்லவா, அதுபோல.

இந்தப் பேரேட்டில் அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று.

முதலாவது புள்ளி. தமிழனுக்குப் புள்ளியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புள்ளி இருந்தால் 'க்', போனால் 'க'. பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி இராது, படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். நேம் சர்வர் ஊகிக்காது. முழுப்பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். விட்டால், பெயர் இன்னும் முடியவில்லை என்று எண்ணித் தன் பெயரையும் ஒட்டிவிடும். 'மெயில்.நம்மசங்கம்.இன்' என்பது 'மெயில்.நம்மசங்கம்.இன்.நம்மசங்கம்.இன்' ஆகிவிடும். அப்படி ஒரு பெயர் உலகில் எங்கும் இராது.

இரண்டாவது வரிசை எண். ஒரு பேரேட்டுக்குக் குறைந்தது இரண்டு சர்வர்கள் வைப்பது முறை. முதல் சர்வரில் திருத்தம் செய்யும்போதெல்லாம் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும். தேதியையே எண்ணாக்கி 2024081501 என்பதுபோல எழுதுவது வழக்கம். கூட்டாவிட்டால், ஒன்றும் மாறவில்லை என்று இரண்டாவது சர்வர் பழசையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒருவருக்குத் தளம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

மூன்றாவது டி.டி.எல்., அதாவது ஒரு பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு. 86400 என்றால் முழுதாக ஒரு நாள். வீடு மாறுமுன் தபால்காரரிடம் சொல்லி வைப்பதுபோல, சர்வரை மாற்ற ஓரிரு நாள் இருக்கும்போதே இதை 300 விநாடியாகக் குறைத்துவிட வேண்டும். மாற்றிய பிறகு குறைத்து என்ன பயன்?

பழுது பார்ப்பது எப்படி?

வடநாட்டு நகரம் ஒன்றில் ஒரு தமிழ்ச் சங்கம், பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கான தமிழ்ப் போட்டி அறிவித்திருந்தார்கள். தளம் நன்றாகத் தெரிகிறது, விண்ணப்பம் ஒன்றுகூட வரவில்லை. "யாருக்கும் ஆர்வமே இல்லை சார்" என்று செயலாளர் போனில் வருத்தப்பட்டார். சில நாள் முன்பு இடவசதி தரும் கம்பெனியை மாற்றியிருந்தார்கள். நான் கேட்ட கேள்விகள் நான்கு. பெயரின் பதிவு காலாவதி ஆகவில்லையே? மேல்நிலைப் பதிவேடு எந்த நேம் சர்வர்களைக் காட்டுகிறது? அந்தச் சர்வர்கள் இரண்டும் ஒரே வரிசை எண்ணைச் சொல்கின்றனவா? எம்.எக்ஸ். பதிவு என்ன?

முதல் மூன்றுக்கும் பதில் சரி. நான்காவதற்குப் பதில் வெறுமை. புதிய கம்பெனியின் பேரேட்டில் அந்த ஒரு வரியைச் சேர்க்கவே இல்லை. எம்.எக்ஸ். இல்லாவிட்டால் அஞ்சல் 'ஏ' பதிவு காட்டும் சர்வருக்கே போகும். அந்தச் சர்வரோ அஞ்சலை ஏற்காமல் திருப்பிக்கொண்டிருந்தது. வரியைச் சேர்த்த பின்பும் சிலருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனென்றால் 'இல்லை' என்ற பதிலையும் சர்வர்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அதன்பிறகு விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளின் ஆர்வத்தில் குறையில்லை, பேரேட்டில்தான் குறை. 'டிக்', 'என்.எஸ்.லுக்கப்' என்ற இலவசக் கருவிகளால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கலாம். மேலிருந்து கீழாக, படிப்படியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தமிழிலேயே பெயர்

இதில் புலம்பெயர்ந்த தமிழருக்குப் பெருமையான பங்கு உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-லேயே இணையத்தில் தமிழைக் காட்ட உழைத்தவர். 1998-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பன்மொழிப் பெயர்களுக்கு முன்மாதிரி அமைத்தனர். 2003-ல் உலகப் பொதுவிதி வந்தது. 2010-ல் '.இலங்கை', 2011-ல் '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகியவை வேர்ப் பேரேட்டில் ஏறின.

பேரேட்டின் உள்ளே தமிழ் எழுத்து நேரடியாக இராது. எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த கோவையாக மாறியிருக்கும். இங்கேதான் நமக்கே உரிய ஒரு சிக்கல். 'ஔவை' என்பதில் 'ஔ' ஒரே எழுத்து. 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டினாலும் கண்ணுக்கு ஏறக்குறைய அப்படியே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்! தமிழ்ப் பெயர் திறக்கவில்லை என்றால் முதலில் எழுத்தைச் சரிபாருங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நுணுக்கங்களை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிவு செய்கிறார். பிறகு வேலை மாறி வேறு ஊர் போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் யாருக்கும் தெரிவதில்லை. '.காம்' போன்ற பெயர்களை நீக்கிவிட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். ஆகவே பெயர் சங்கத்தின் பேரில் இருக்கட்டும். கடவுச்சொல் இரு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியும் ஸோன் ஃபைலின் அச்சுப் பிரதியும் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்குப் புத்தகத்தோடு இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். நம் பேரப்பிள்ளைகள் இந்த மலரைத் தேடி வரும்போது பெயர் அவர்களுக்கு வழிகாட்டட்டும்.