மூன்று யூனிட் மணலில் எத்தனை லிட்டர்?

கோடையில் சாத்தூர்ப் பாலத்தைக் கடக்கும் வெளியூர்க்காரர் கீழே ஓடுவது ஓர் ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஓடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது, மணலும் கருவேலமும்தான். ஆனால் வைப்பாற்றங்கரைப் பெண்களுக்கு அதுதான் தண்ணீர்த்துறை. மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். முதலில் கலங்கலாகச் சுரக்கும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால், அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த நீர் ஊறி நிற்கும். சிரட்டையால் கோரி, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். அந்த ஊற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சித்திரை வெயிலில் ஏன் வற்றவில்லை என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும் இருக்கிறது.

பருமணலில் மணிக்கும் மணிக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. வெள்ளம் போகும்போது அந்த இடைவெளியெல்லாம் நீரால் நிறையும். பின்னர் வடியும்போது, மணலின் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமமான நீரை அது திருப்பிக் கொடுக்கும். களிமண்ணிலும் நீர் நிற்கும். ஆனால் கைவிட்டுக் கொடுக்காது, இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வியப்பு வெயில் சம்பந்தப்பட்டது. பருமணலில் நீர் தானாக மேலேறக்கூடிய உயரம் மிகக் குறைவு. நீர்மட்டம் இரண்டடிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆவியாதல் ஏறக்குறைய நின்றே போகும். மேலே கால் பொசுக்கும் மணல், கீழே வெயில் தொடாத நீர்.

சாத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு இது வெறும் சுவாரசியமல்ல. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. கரிசல் மண் நனைந்ததும் உப்பி, தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நீரை எளிதில் கீழே விடாது. அதற்கும் அடியில் கடும்பாறை. அதன் பிளவுகளில் தங்குவதுதான் கிணற்று நீர். இந்த வறட்சிதான் சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. ஆக, நீரைத் தாராளமாக வாங்கி, தாராளமாகத் தரும் பாத்திரம் இந்தச் சீமையில் ஆற்று மணல் ஒன்றுதான். கரிசல் வீட்டுக் குலுக்கையில் தானியம் இருந்த மாதிரி, வைப்பாற்றிலும் அர்ச்சுனா ஆற்றிலும் கௌசிகாவிலும் ஊருக்கான தண்ணீர் மணலுக்குள் இருந்தது.

இப்போது லாரிக் கணக்குக்கு வருவோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் ஏற்றிய லாரி எட்டரை கன மீட்டர் மணலைக் கொண்டுபோகிறது. கால் பங்கு என்று வைத்தால், ஏறத்தாழ 2,100 லிட்டர் கொள்ளும் இடம் ஆற்றைவிட்டுப் போகிறது. ஒரு முறை போவதல்ல இது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிரம்பியிருக்க வேண்டிய இடம் இனி நிரம்பாது. நூறு மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், மூன்று மீட்டர் ஆழத்துக்கு அள்ளினால் ஏழரைக் கோடி லிட்டருக்கான இடம் காலி.

நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் நிலைமை இன்னும் மோசம். மறைந்திருந்த நீர் வெயிலுக்கு முகம் காட்டுகிறது. ஒரு ஹெக்டேர் குழியில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் ஆவியானாலும் ஒன்றரைக் கோடி லிட்டர் வானத்துக்குப் போகும். அந்தக் குறையைச் சுற்றியுள்ள மணலும் கரைக் கிணறுகளும் சுரந்து சுரந்து ஈடுகட்டும். குழியின் மேல்விளிம்பை வெள்ளம் அரித்து, பள்ளத்தை ஆற்றின் மேல்போக்கில் நகர்த்திக்கொண்டே போகும். அள்ளிய இடத்துக்கு வெகுதூரம் மேலே இருக்கும் பாலத்தின் தூண் அம்மணமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

இந்த இழப்பைச் சட்டப்படி கடனாக எழுதும் மாநிலம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் கொலராடோ. அங்கே சவுத் பிளாட் ஆற்றோரம் சரளைக்குழிகள் ஏராளம். நிலத்தடி நீரை வெளிக்காட்டும் சரளைக்குழியும் சட்டத்தின் கண்ணில் ஒரு கிணறுதான் என்று 1988இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980க்குப் பிறகு தோண்டி நீரை வெளிக்காட்டிய குழி என்றால், அதிலிருந்து ஆவியாகும் நீருக்கு ஈடான நீரை வேறெங்கிருந்தாவது வாங்கி, உரிய காலத்தில், உரிய இடத்தில் ஆற்றில் விட வேண்டும். குழி இருக்கும்வரை கடனும் இருக்கும். தூசி அடங்கத் தெளித்த நீருக்கும் கணக்கு உண்டு. கழுவிய சரளையில் ஒட்டிக்கொண்டு வெளியே போகும் ஈரத்துக்குக்கூட உண்டு. நம் சாலைகளில் ஈர மணல் லாரி நெடுகச் சொட்டிக்கொண்டு போகிறதே, அந்தச் சொட்டுக்கும் அங்கே விலை. கடனிலிருந்து விடுபட விரும்புவோர் குழியைச் சுற்றிப் பாறைவரை களிச்சுவர் இறக்கி, ஆற்று நீர் உள்ளே கசியாமல் அடைத்துவிடுகிறார்கள்.

நம்மிடம் விதி இல்லாமலில்லை. 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. நீர்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்றும் வழிகாட்டுதல்கள் உண்டு. ஆனால் போன தண்ணீரை யார் திருப்பித் தருவது என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. ஆற்றில் நீர் குறைந்தாலும் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை மக்களுக்குத் தாமிரபரணியிலிருந்து குழாயில் நீர் வருகிறது. அந்தத் தாமிரபரணியின் மணலுக்காகவே கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தானே வாதாட வேண்டியிருந்தது. 2010இல் அங்கே ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. குழாய் நீர் மனிதரின் தாகத்தைத் தீர்க்கிறது, சரி. ஆற்றுக்கும் கரைக் கிணற்றுக்கும் அதில் ஒரு சொட்டும் இல்லை.

கிணற்றுக்கு நல்ல நீர் வருவது இங்கே கூடுதலாக முக்கியம். பட்டாசில் சேரும் பெர்குளோரேட் சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தைராய்டின் அயோடினை மறிக்கும் உப்பு அது. நீரில் எளிதில் கரையும்; மணல் அதை வடிகட்டாது. புதுநீர் வந்து கலந்து அடர்த்தியைக் குறைப்பதுதான் கிணறுகளுக்கு இருக்கும் ஆறுதல்.

பம்பை, அச்சன்கோவில் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் பற்றிப் பேசுகிறது, கேரளம் இணங்கவில்லை. நாளையே வந்தாலும் மணல் போன ஆற்றில் அது தங்கப்போவதில்லை. மணலும் எளிதில் திரும்பாது. மலையிலிருந்து உருண்டுவரும் பருமணலைப் பிளவக்கல், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகள் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கென்யாவின் கிட்டுயி வட்டாரம் நம் கரிசலைப் போலவே மழை குறைந்தது. அங்கே வறண்ட ஆற்றின் குறுக்கே பாறைமேல் சிறு சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளம் மணலைச் சுவருக்குப் பின்னால் போட்டுவிட்டு, மெல்லிய சேற்றைச் சுவர் தாண்டிக் கொண்டுபோகிறது. மணல் மேடாகிறது, அதற்குள் நீர் தேங்குகிறது, மக்கள் ஊற்றுத் தோண்டுகிறார்கள். சுவரை ஒரேயடியாக உயர்த்திவிட்டால் சேறும் தங்கி இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதால், பல இடங்களில் வெள்ளத்துக்கு வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். கரிசல் வண்டல் வரும் நம் ஆறுகளில் அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இங்கேயும் அப்படிச் சுவர் எழுப்பப் பணம் எங்கே என்று கேட்பார்கள். அனுமதி பெற்ற ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு இருக்கிறது. வண்டி எண், நாள், நேரம், எத்தனை யூனிட் எல்லாம் அதில் எழுதுகிறோம். தண்ணீருக்கும் ஒரு கட்டம் போடலாம்: மூன்று யூனிட், 2,100 லிட்டர், எந்த ஆறு, எந்த ஊர். அந்த லிட்டருக்கான தொகை அதே ஊர் ஆற்றில் சுவர் எழுப்பப் போகட்டும்.