லேலோங் வீடு மலிவுதானா? கை தூக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க

சந்தை விலை 300,000 ரிங்கிட். ஏலத்தில் ஆரம்ப விலை 210,000 ரிங்கிட் மட்டுமே!

இப்படி ஒரு லேலோங் விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். முதல் வீடு வாங்க நினைக்கிறவங்களுக்கு இது பெரிய வாய்ப்பாகத் தெரியும். ஆனால், விளம்பரத்தில் இருப்பது முழு விலை இல்லை. மீதியை நீங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

வீடு ஏன் ஏலத்துக்கு வருகிறது?

உரிமையாளர் கடனைத் தொடர்ந்து கட்டாதபோது, வங்கி வீட்டை விற்றுப் பணத்தை மீட்கப் பார்க்கும். தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரண்டு வழி உண்டு. தனி கிராண்ட் இருக்கும் வீடு உயர் நீதிமன்றம் அல்லது நில அலுவலகம் மூலம் ஏலத்துக்கு வரும். கிராண்ட் இன்னும் பிரிக்கப்படாத வீட்டை வங்கியே நேரடியாக ஏலம் விடும். இதுதான் லாக்கா ஏலம். உங்களுடையது எந்த வகை என்று முதலில் கேளுங்க. கெடுவும் நிபந்தனைகளும் அதைப் பொறுத்து மாறும்.

எவ்வளவு பணம் ஆபத்தில் இருக்கு?

ஏலத்தில் கலந்துகொள்ள, ஆரம்ப விலையில் பொதுவாக 10 விழுக்காடு முன்பணம் வேண்டும். நம்ம உதாரணத்தில் அது 21,000 ரிங்கிட். மீதித் தொகையை உயர் நீதிமன்ற, நில அலுவலக ஏலங்களில் 120 நாளுக்குள் கட்டணும். லாக்கா ஏலத்தில் பெரும்பாலும் 90 நாள்தான்.

கடன் கிடைக்கவில்லை, கெடு தாண்டிவிட்டது என்றால் முன்பணம் போய்விடும். பல வருட சேமிப்பு ஒரே நாளில் கரையலாம். அதனால், எவ்வளவு கடன் தருவாங்க என்று ஏலத்துக்கு முன்பே வங்கியிடம் பேசிவிடுங்க.

என்னென்ன பார்க்கணும்?

ஏலப் பிரகடனம்: இந்த ஆவணத்தை வரி விடாமல் படியுங்க. குத்தகை நிலமா, எத்தனை வருடம் மிச்சம்? மலாய் ஒதுக்கீட்டு நிலமா, பூமிபுத்ரா லாட்டா? அப்படியென்றால் நம்மில் பலர் ஏலம் கேட்கவே முடியாது.

நில அலுவலகத் தேடல்: சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் யார், வேறு யாராவது தடை போட்டிருக்காங்களா என்று தெரியும்.

வரி பாக்கி: நில வரியும், சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரியும் பாக்கி இருக்கா? நில வரியைச் சாதாரணமாக நினைக்காதீங்க. 6A நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால், மாநில அரசு நிலத்தையே பறிமுதல் செய்ய முடியும்.

பராமரிப்புக் கட்டணம்: அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்க. பழைய பாக்கியை யார் கட்டுவது என்பது ஏலத்துக்கு ஏலம் மாறும். சில நிபந்தனைகளில் வங்கி ஒரு பகுதியை ஏற்கும், சிலவற்றில் எல்லாமே உங்கள் தலையில்.

வீட்டில் யார் இருக்காங்க? லேலோங் வீடு ‘இருப்பது இருந்தபடி’ விற்கப்படும். உள்ளே போய்ப் பார்க்கப் பெரும்பாலும் முடியாது. பழைய உரிமையாளரோ வாடகைக்காரரோ வெளியேற மறுத்தால், பூட்டை உடைத்து நீங்களே அனுப்ப முடியாது, நீதிமன்றம் போகணும். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்க. விளக்கு எரியுதா? அக்கம்பக்கத்தில் விசாரியுங்க.

இப்போது கணக்கு

ஏல விலையோடு பாக்கிகள், வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, பழுதுபார்ப்பு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்க. 210,000 ரிங்கிட் வீடு 270,000 ஆகிவிட்டால், அது இன்னும் மலிவா? உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்க. அதைத் தாண்டினால் கையைக் கீழே போடுங்க.

வீடு கைவிட்டுப் போச்சே என்று வருந்த வேண்டாம். யாரும் வாங்காத வீடு பொதுவாக 10 விழுக்காடு குறைந்த விலையில் மீண்டும் ஏலத்துக்கு வரும். ஆனால் ஒரே வீடு நாலைந்து முறை திரும்பி வந்தால் ஒரு கேள்வி கேளுங்க: மற்றவங்க எதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாங்க?