உங்களுக்குத் தெரியுமா? முதியோர் இல்லத்துக் கட்டிலருகே

நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சின்னதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நாலு நாளில் டிஸ்சார்ஜ். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் அதே பெயர், நடமாட்டம் ஒடுங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லத்துக்கு.

சிங்கப்பூரில் 2020-ல் வந்த ‘கேர்ஷீல்டு லைஃப்’ காப்பீட்டில், என்ன நோய் என்பதைவிட எது முடியவில்லை என்பதுதான் கணக்கு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போய்வருவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் கை வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் வரும். அப்பா அம்மாவுக்கு இல்லம் தேடுகிறவர்கள் இந்த ஆறையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘அவரால் ஒன்றும் முடியாது’ என்று பொதுவாகச் சொல்லிச் சேர்த்தால், தானே சாப்பிடுகிறவருக்கும் ஊட்டிவிடத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கைக்குப் பழக்கம் விட்டுப்போகும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். தவறினால், எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் வரும். பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பின் பின்பக்கம், பிட்டம் மூன்றையும் பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அது புண்ணின் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு மாடியில் இருந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த செடியை எடுத்துத் தாங்களே தண்ணீர் ஊற்றினார்கள். எந்த நாள் சினிமா என்பதும் அவர்கள் முடிவு. இன்னொரு மாடிக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன.

என் பெரியம்மா இருந்த இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கப். பெயர் வெட்டின தன் எவர்சில்வர் டம்ளர் வேண்டுமென்று மூன்று நாள் காபியைத் தொடவில்லை. பிடிவாதம் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தோம். குடித்துவிட்டு, தானே கழுவி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தார்.

சென்னையில் 1993-ல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, மனநோயால் நெடுங்காலம் காப்பகத்தில் இருந்த பெண்களை 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துக் குடிவைக்கிறது. திட்டத்தின் பெயர் ‘ஹோம் அகெய்ன்’. துணைக்குப் பணியாளர் உண்டு. சமையலும் கடை கண்ணிக்குப் போவதும் அந்தப் பெண்கள் பாடு.

2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அரசு ‘அமைக்கலாம்’ என்றுதான் வாசகம், ‘அமைக்க வேண்டும்’ என்றில்லை. அந்த ஒரு சொல் எனக்கு ஆறவில்லை.

அதே சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கியவர் கைவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். செட்டில்மென்ட் பத்திரம் எழுதும்போதே பராமரிப்பு நிபந்தனையை வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது.