800 டாலர் பாக்கி, ஏலத்தில் வீடு

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் 2008-ல் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. மதிப்பு சுமார் 3 லட்சம் டாலர். போன விலை 3,500 டாலர். வங்கிக் கடன் ஏதும் இல்லாத வீடு. குடியிருப்பு உரிமையாளர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய சந்தாவில் சுமார் 800 டாலர் பாக்கி, அவ்வளவுதான். உரிமையாளர் ராணுவ அதிகாரி. அப்போது ஈராக்கில் பணியில் இருந்தார். ராணுவப் பணியில் இருப்பவர்களின் சொத்துக்குத் தனிப் பாதுகாப்பு தரும் கூட்டாட்சிச் சட்டம் இருந்தது. அதை வைத்து வழக்காடியதில் 2010-ல் சமரசம் ஏற்பட்டு, வீடு திரும்பக் கிடைத்தது. ஐ.டி. ஊழியருக்கு அந்தச் சட்டம் உதவாது.

ஃபிரிஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாங்கியிருக்கின்றன. ‘ஹெச்ஓஏ’ எனப்படும் இந்த உரிமையாளர் சங்கம் இல்லாத புதுக் குடியிருப்பு அங்கே அபூர்வம். சங்கத்தின் கட்டுப்பாட்டு ஆவணம் கவுண்டி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். படித்தாலும் படிக்காவிட்டாலும், மனையை அடுத்தடுத்து வாங்கும் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும். புல்லின் உயரம், வேலியின் நிறம் என்று அதில் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், சந்தா நின்றால் வீட்டின்மேல் வில்லங்கம் ஏறும் என்ற பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலம் விட டெக்சாஸ் சட்டம் அனுமதிப்பதில்லை. சந்தா பாக்கிக்காக விடலாம். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலிக்கு அபராதம் போட்டார்களே என்ற கோபத்தில் சந்தாவையும் நிறுத்துகிறார்கள். அன்றிலிருந்து பாக்கியோடு வட்டியும் வக்கீல் கட்டணமும் சேர்ந்து வளர்கின்றன. கட்டும் பணத்தை முதலில் சந்தாவில்தான் கழிக்க வேண்டும், அபராதம் அதற்குப் பின்தான் என்று 2012 முதல் அங்கே சட்டம் வரிசை வகுத்திருக்கிறது. அதற்கு முன்பு அபராதத்தில் கழித்துவிட்டு, சந்தா கட்டவில்லை என்று கணக்குக் காட்ட வழி இருந்தது. ஆகவே சந்தாவைக் கட்டிவிட்டு அபராதத்தோடு தனியாகச் சண்டை போடுவதே புத்திசாலித்தனம்.

சண்டைக்கு இடம் உண்டு. ஃப்ளோரிடாவில் 14 நாள் நோட்டீஸ் தராமல் சங்கம் அபராதம் போட முடியாது. நிர்வாகிகளோ அவர்களின் நெருங்கிய உறவினர்களோ இல்லாத, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். 1,000 டாலருக்குக் குறைந்த அபராதம் அங்கே வில்லங்கமாகாது. கொலராடோ 2022-ல் ஒரு படி மேலே போனது: உரிமையாளர் விரும்பும் மொழியிலும் நோட்டீஸ் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்கலாம். எத்தனை பேர் கொடுத்திருப்பார்களோ!

டெக்சாஸில் அபராதத்தை எதிர்த்து விசாரணை கேட்க நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள்தான். நோட்டீஸ் போவது சங்கத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பியவர்கள் அந்த முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால், கடிதம் வாடகைக்காரரின் தபால்பெட்டியில்தான் கிடக்கும். முகவரி மாற்றத்தைச் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.