டிசம்பர்ல டிரெய்லர் வாடகை கம்மிதான்... மீதி கணக்கு?

அமெரிக்காவுல வேலை பாக்குறீங்களா? கிறிஸ்துமஸ் லீவுக்கு டிராவல் டிரெய்லர் எடுத்துக்கிட்டு கொலராடோ போற பிளானா? குளிர்காலத்துல வாடகை பெரும்பாலும் கம்மிதான். ஆனா கேஸ் கணக்கைப் போட்டீங்களா?

20 பவுண்ட் புரொப்பேன் சிலிண்டர்ல சுமார் 4,30,000 பி.டி.யு. வெப்பம் இருக்கு. டிரெய்லரைச் சூடாக்குற 30,000 பி.டி.யு. ஃபர்னஸ் நிக்காம ஓடினா, 14 மணி நேரத்துல காலி! பாதி நேரம் ஓடினாலும் ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அப்போ 3 நாளுக்கு எத்தனை சிலிண்டர்னு பாத்துக்கோங்க. ஃபர்னஸ் ஃபேன் பேட்டரியில ஓடுறது. அது இறங்கிட்டா, கேஸ் இருந்தும் நடுங்கணும். அதனால கரண்ட் கனெக்‌ஷன் உள்ள இடத்துக்குக் கூடக் கொடுக்குற காசு வீண் இல்லைங்க.

பெரிய அடி தண்ணி பைப்லதான். தண்ணி உறையும்போது சுமார் 9% விரியும், பைப் வெடிச்சிடும். ரிப்பேர் காசு உங்க டெபாசிட்லதான் கைவைக்கும். உறைபனியால வர்ற சேதத்துக்கு யார் பொறுப்புன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. பைப்பைக் காலியாவே வெச்சுட்டு, கேன் தண்ணியில சமாளிக்கிறது இன்னும் மலிவு (குளியலை மறந்துடணும்!).

ஃபர்னஸ் கேஸை மிச்சம் பிடிக்க அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீங்க. மூடின டிரெய்லர்ல கார்பன் மோனாக்சைடு சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. வண்டியை வாங்கும்போதே அதுக்கான அலாரத்தை அழுத்திப் பாத்துடுங்க.