இதயச் செயலிழப்பு: ஆணின் அனுபவமும் பெண்ணின் அனுபவமும்

புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி இது. அறுபது வயதைக் கடந்த ஒரு தாயாரிடம், "வேலை செய்தால் மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்கிறேன். அவர் வாய் திறக்குமுன் உடன் வந்த மகன், "பரவாயில்லை டாக்டர், வீட்டு வேலையெல்லாம் செய்றாங்க" என்கிறார். நான் மீண்டும் தாயாரிடமே, "நின்றுகொண்டு சமைக்கிறீர்களா, உட்கார்ந்தா?" என்று கேட்கிறேன். சற்றுத் தயங்கியபின், "ஆறு மாசமா ஸ்டூல் போட்டுத்தான் டாக்டர். துணி காயப்போட மாடிக்குப் போறதையும் விட்டுட்டேன்" என்கிறார். மகனுக்கு அது புதிய செய்தி.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று. உடலுக்குத் தேவையான இரத்தத்தைப் போதிய அளவு செலுத்த இயலாமல் இதயம் தளர்ந்திருக்கும் நிலை அது. மூச்சுத்திணறல், கால் வீக்கம், களைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள்.

இந்நோயில் பால், பாலினம் ஆகிய இரண்டையும் மருத்துவ ஆய்வாளர்கள் பிரித்துக் காண்கின்றனர். பேறுகாலத்தை ஒட்டி வரும் இதயத்தசை நோய் பெண்களுக்கே உரியது. அது உடலைச் சார்ந்த பால் வேறுபாடு. வீட்டில் யாருடைய களைப்பு நோயாகக் கருதப்படுகிறது, யார் சார்பில் யார் பேசுகிறார் என்பன சமூகம் வகுத்த பாலின வேறுபாடுகள். இவற்றை ஆராய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பதிவேடு. திருவனந்தபுரத்தில் 2013ஆம் ஆண்டு 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1205 பேரைப் பதிவு செய்தனர். அவர்களில் 834 பேர் ஆண்கள். பெண்கள் ஏறத்தாழ 31 விழுக்காடே. இதைக் கொண்டு, பெண்களுக்கு இந்நோய் குறைவு என்று முடிவு கட்டிவிடலாகாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே பதிவேடு எண்ணும். வராதவர்களை அது அறியாது.

இரண்டாவது, வினாத்தாள். உலகெங்கும் பயன்படும் கான்சாஸ் சிட்டி வினாத்தாளில் 23 வினாக்கள் உள்ளன. குளிப்பது, உடுத்துவது, நடப்பது, வீட்டு வேலை செய்வது ஆகியவற்றில் கடந்த இரு வாரங்களில் எவ்வளவு சிரமம் இருந்தது என்று அது நோயாளியையே கேட்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இரு பெரிய மருந்துச் சோதனைகளில் பங்கேற்ற 15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்கள் நீண்ட நாள் வாழ்ந்தனர். ஆனால் அவர்களுடைய அன்றாட வாழ்வின் தரம் தாழ்ந்தே இருந்தது. ஆயுளை மட்டும் அளந்திருந்தால் இத்துன்பம் வெளிப்பட்டிராது.

மூன்றாவது, நேர்காணல். தண்ணீர் கேன் தூக்குவதையும் மாவாட்டுவதையும் எந்த வெளிநாட்டு வினாத்தாளும் கேட்பதில்லை. ஆகவே நோயாளியைத் தனியே அமர்த்தி, அவர் தம் சொற்களில் கூறுவதைப் பதிவு செய்கின்றனர். மூச்சிரைப்பைக் "கேஸ் தொல்லை" என்று சொல்லி வேலைக்குச் செல்லும் ஆண்களும், தாம்பரம் வரை பேருந்தில் போகும் வழியில் கழிப்பறை கிடைக்காதென்று அஞ்சி நீர் மாத்திரையை விட்டுவிடும் பெண்களும் இத்தகைய உரையாடலில்தான் நமக்குத் தெரியவருகின்றனர். அந்த மாத்திரையை எந்நேரத்தில் உட்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துதல் கூடாது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது நோயாளியைப் பேச விடுங்கள். "என்ன வேலை செய்கிறார்" என்பதோடு, "எந்த வேலையை விட்டுவிட்டார்" என்பதையும் கவனித்து வாருங்கள். உப்பைக் குறைக்கச் சொன்னால் வீடு முழுவதும் குறையுங்கள். சமைப்பவரே நோயாளியாக இருந்தால், தமக்கென ஒரு தனிக் குழம்பு வைக்க அவர் முன்வரமாட்டார்.

நோயாளிகள் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே வந்துவிடுங்கள். அழைத்துவர ஆளில்லை என்று எவரும் வீட்டிலிருந்துவிட வேண்டாம். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.